நடந்ததை யாரிடம் சொல்வது? பாலியல் வன்முறைக்கு ஆளான இளையோருக்கான கேள்வி பதில்

பள்ளி, கல்லூரி வயதில் இருப்பவர்களுக்கும் அவர்களுக்குத் துணையாக நிற்க விரும்புகிறவர்களுக்கும் எழுதியது இது. சட்டமும் உதவி அமைப்புகளும் தமிழ்நாட்டில் இருப்பவை. வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்களுக்குத் தேவையான கேள்விக்கு நேராகப் போங்கள். நடுவில் மூச்சு முட்டினால் நிறுத்திவிட்டு, எழுந்து நடந்துவிட்டு, பிறகு வாருங்கள்.

இப்போதே ஆபத்தில் இருந்தால் 112. பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் 1098. பெண்களுக்கு 181. மூன்றுக்கும் கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள். உங்கள் போனை வீட்டில் வேறு யாராவது பார்ப்பார்கள் என்றால் பேசி முடித்ததும் அந்த எண்ணை அழைப்புப் பட்டியலிலிருந்தும், படித்ததை பிரவுசர் ஹிஸ்டரியிலிருந்தும் நீக்கிவிடுங்கள்.

எனக்கு நடந்தது பாலியல் வன்முறைதானா என்றே தெரியவில்லை. சும்மா தொட்டதுதானே?

"சும்மா" என்ற சொல்லை உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். பெரும்பாலும் அதைச் செய்தவராக இருப்பார், இல்லையென்றால் அவரைக் காப்பாற்ற நினைத்தவராக இருப்பார்.

பதினெட்டு வயதுக்கு உட்பட்ட எல்லோருக்குமான போக்சோ சட்டம் 2012-இல் வந்தது. பாலியல் நோக்கத்தோடு உடலைத் தொடுவது, தன்னைத் தொடச் சொல்வது, ஆபாசப் படம் காட்டுவது, ஆடையை விலக்கிக் காட்டுவது, போனிலும் நேரிலும் விடாமல் பின்தொடர்வது எல்லாமே அதன்கீழ் குற்றங்கள். ஆடைக்கு மேல் தொட்டால் அது போக்சோவின்கீழ் பாலியல் தாக்குதல் ஆகாது என்று பம்பாய் உயர்நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு 2021 ஜனவரியில் ஒரு தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்தது. தோல் தோலில் பட்டதா என்பதல்ல, என்ன நோக்கத்தோடு தொட்டார் என்பதே கேள்வி என்று தெளிவாகச் சொன்னது.

உங்களுக்கு நடந்ததற்குச் சட்டத்தில் என்ன பெயர் என்று தெரிந்த பிறகுதான் உதவி கேட்க வேண்டும் என்பதில்லை. பெயர் வைப்பது காவல்துறையின், நீதிமன்றத்தின் வேலை. உங்களை அது கலங்க வைத்தது என்பது போதும்.

நான் கத்தவில்லை. தள்ளிவிடவும் இல்லை. அப்படியே இருந்துவிட்டேன். அப்போ நானும் சம்மதித்த மாதிரி ஆகாதா?

ஆகாது. இந்தக் கேள்வி பலரை ஆண்டுக்கணக்கில் உள்ளுக்குள் அரிக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெரிய ஆபத்து வரும்போது ஓடுவது, எதிர்த்து நிற்பது என்ற இரண்டு வழிகள் மட்டும் உடலுக்கு இல்லை. மூன்றாவதும் ஒன்று உண்டு: உறைந்துபோவது. கை கால் அசையாது, தொண்டையிலிருந்து சத்தம் வராது. சிலருக்கு எல்லாம் தூரத்தில் வேறு யாருக்கோ நடப்பது போலத் தோன்றும். யோசித்து எடுத்த முடிவு இல்லை அது. யோசிக்க நேரம் கிடைக்கும் முன்பே மூளை எடுத்துவிட்ட முடிவு. உயிரோடு தப்பிப்பதற்காக உடல் செய்த வேலை.

சட்டமும் இதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. உடலால் எதிர்க்கவில்லை என்பதை மட்டும் வைத்துச் சம்மதம் என்று கொள்ளக் கூடாது என்று இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ஆம் பிரிவே சொல்கிறது. பதினெட்டுக்குக் கீழ் என்றால் சம்மதம் என்ற பேச்சுக்கே சட்டத்தில் இடமில்லை.

யாரிடமும் கேட்க முடியாமல் பலர் மனதிலேயே வைத்திருக்கும் இன்னொன்று: "என் உடம்பு அதற்கு எதிர்வினை காட்டியது." தொட்டால் நரம்பு உணரும், அவ்வளவுதான். கிச்சுகிச்சு மூட்டினால் சிரிப்பு வருவதால் அது உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்று ஆகிவிடாது. உடல் காட்டிய எதிர்வினைக்கும் உங்கள் விருப்பத்துக்கும் தொடர்பு இல்லை.

அவர் கொடுத்த சாக்லேட்டை வாங்கியதும், அவரோடு பைக்கில் போனதும், அவருக்கு மெசேஜ் அனுப்பியதும், வீட்டில் பொய் சொல்லிவிட்டுக் கிளம்பியதும் குற்றமல்ல. குற்றத்தைச் செய்தவர் அவர்.

அவர் எங்கள் சொந்தக்காரர். எல்லோரும் நல்லவர் என்கிறார்கள். யார் நம்புவார்கள்?

மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வில் 13 மாநிலங்களைச் சேர்ந்த 12,447 குழந்தைகளிடம் பேசினார்கள். 53.22 சதவீதம் பேர் ஏதாவது ஒரு வகையில் பாலியல் துன்புறுத்தலைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். செய்தவர்களில் பாதிப்பேர் குழந்தைக்கு முன்பே தெரிந்தவர்கள், குழந்தை நம்பியவர்கள். மாமா, சித்தப்பா, அண்ணனின் நண்பர், டியூஷன் மாஸ்டர், பக்கத்து வீட்டுத் தாத்தா. நல்லவர் என்ற பெயரே அவர்களுக்கு வசதி. முதலில் வீட்டாரின் நம்பிக்கையைச் சம்பாதித்து, பிறகு குழந்தையிடம் தனியாக ஒரு ரகசியத்தை உண்டாக்கி, கடைசியில் அந்த ரகசியத்தையே பூட்டாக்குகிறார்கள். நீங்கள் சொன்னால் வீடே உடைந்துவிடும் என்று உங்களை நம்ப வைத்ததும் அதில் ஒரு பகுதி.

நேற்றோ முந்தாநாளோ நடந்தது. முதலில் என்ன செய்யணும்?

முதலில் மருத்துவமனை. புகார் கொடுப்பதா வேண்டாமா என்று யோசிக்க இன்னும் நேரம் இருக்கிறது, சில மருந்துகளுக்கு அவ்வளவு நேரம் இல்லை. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். கருத்தரிப்பதைத் தடுக்கும் அவசர மாத்திரையும் 72 மணி நேரத்துக்குள் நன்றாக வேலை செய்யும். அதற்குப் பிறகும் ஐந்து நாள் வரை பயன் உண்டு, ஆனால் குறைந்துகொண்டே போகும். பால்வினை நோய்களுக்கான மருந்தும் மஞ்சள் காமாலை பி தடுப்பூசியும் உண்டு.

குற்றவியல் நடைமுறைக்கான புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397-ஆம் பிரிவின்படி அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை எதுவானாலும் உடனே, இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். "எஃப்.ஐ.ஆர். இருக்கா?", "போலீஸ் கடிதம் கொண்டுவாங்க" என்று திருப்பி அனுப்புவது சட்டப்படி தவறு. தமிழ்நாட்டில் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போவது நல்லது என்பது என் எண்ணம். பரிசோதனை, மருந்து, ஆலோசனை எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும், அலைச்சல் குறையும்.

தடயத்துக்காக முடிந்தால் குளிக்காமல், அன்று போட்டிருந்த உடையை மாற்றாமல் போங்கள். மாற்றிவிட்டால் துவைக்காமல் காகிதப் பையிலோ செய்தித்தாளிலோ சுற்றி எடுத்துப் போங்கள். பாலித்தீன் பையில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும். ஏற்கெனவே குளித்துவிட்டீர்களா? பரவாயில்லை, அதற்காகப் போகாமல் இருக்க வேண்டாம். உடலில் எல்லாத் தடயமும் ஒரு குளியலில் போய்விடாது. சிகிச்சையோ தடயத்துக்கானதல்ல, உங்களுக்கானது.

டாக்டர் என்னவெல்லாம் சோதிப்பார்? பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. உங்கள் உரிமைகளைத் தெரிந்துகொண்டு போனால் கொஞ்சம் குறையும். சிறுமியாக இருந்தால் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். அம்மாவோ நீங்கள் நம்பும் வேறு ஒருவரோ கூடவே இருக்கலாம். பன்னிரண்டு வயதுக்கு மேல் இருந்தால் உங்கள் சம்மதத்தைக் கேட்க வேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014 வழிகாட்டுதல் சொல்கிறது. "இந்தச் சோதனை வேண்டாம், அது மட்டும் செய்யுங்கள்" என்று சொல்லலாம். நடுவில் நிறுத்தச் சொல்லலாம். அதைக் காரணம் காட்டிச் சிகிச்சையை மறுக்க முடியாது.

"இரு விரல் சோதனை" என்று ஒன்றைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். யாரும் அதை உங்களுக்குச் செய்யக் கூடாது. செய்பவர் ஒழுங்கீனம் செய்தவராகக் கருதப்படுவார் என்று 2022 அக்டோபரில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தச் சோதனைக்கு அறிவியல் அடிப்படையே இல்லை.

கர்ப்பமாகிவிட்டால்?

வன்புணர்வுக்கு ஆளானவர்களும் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களும் 24 வாரம் வரை சட்டப்படி கருக்கலைப்புச் செய்துகொள்ளலாம். கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தம் இதைத் தெளிவாக்கியது. அதைத் தாண்டினால் உயர்நீதிமன்றத்தை அணுக வேண்டியிருக்கும், சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் தரும். நாள் தள்ளிப்போனால் மறைத்து வைக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள். நாட்டு மருந்து, பப்பாளி, மருத்துவரைக் கேட்காமல் மருந்துக் கடையில் வாங்கும் மாத்திரை எதையும் தனியாக முயல வேண்டாம், உயிருக்கே ஆபத்து.

போலீசுக்குப் போகாமல் உதவி மட்டும் கிடைக்குமா?

இதற்கு நேர்மையான பதில் உங்கள் வயதைப் பொறுத்தது.

பதினெட்டு நிறைந்தவர் என்றால் முடிவு உங்களுடையது. மருத்துவமனை தன் பதிவேட்டில் எழுதிக் காவல் நிலையத்துக்குத் தகவல் தரும், ஆனால் "எனக்குப் புகார் கொடுக்க விருப்பமில்லை" என்று நீங்கள் சொன்னால் அதையும் எழுதிக்கொண்டு சிகிச்சை தர வேண்டும். ஒவ்வொரு மாவட்டத்திலும் "சகி" எனப்படும் ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது. தங்க இடம், மனநல ஆலோசனை, சட்ட ஆலோசனை, மருத்துவ உதவி எல்லாம் அங்கே கிடைக்கும். 181-ஐ அழைத்தால் பக்கத்து மையத்தோடு இணைப்பார்கள்.

பதினெட்டுக்குக் கீழ் என்றால் நிலைமை வேறு. போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, இப்படி ஒரு குற்றம் நடந்தது என்று தெரிந்த எவரும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். ஆசிரியர், மருத்துவர், ஆலோசகர், ஏன், உங்கள் அத்தைக்கும் இது பொருந்தும். சொல்லாமல் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை, நிறுவனத் தலைவர் என்றால் ஓராண்டு வரை. ஆக "யாரிடமும் சொல்ல மாட்டேன், நீ சொல்லு" என்று ஒரு பெரியவர் வாக்குக் கொடுத்தால், அவரால் அதைக் காப்பாற்ற முடியாமல் போகலாம்.

இந்தப் பிரிவு பள்ளிகளும் விடுதிகளும் பெயருக்குப் பயந்து மூடி மறைப்பதை உடைத்திருக்கிறது, அது பெரிய நன்மை. அதே நேரம் போலீஸ் வரும் என்ற பயத்தில் சிலர் மருத்துவரிடம்கூடப் போகாமல் இருந்துவிடுகிறார்கள். இரண்டும் உண்மை. பாரம் பிள்ளைகள் மீது விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது பெரியவர்கள்தான்.

உங்களால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சொல்லும் முன்பு கேளுங்கள்: "ஒரு பிள்ளைக்கு இப்படி நடந்தது என்று தெரிந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" 1098-இலும் பெயர் சொல்லாமல் பொதுவாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டு சொல்வதற்கும், தெரியாமல் சொல்லிவிட்டுத் திகைப்பதற்கும் நிறைய வேறுபாடு உண்டு. சொல்லாமல் இருந்ததற்காகக் குழந்தைகளுக்குத் தண்டனை கிடையாது, அந்தப் பயம் வேண்டாம்.

நீங்களும் ஏறக்குறைய உங்கள் வயதுள்ள ஒருவரும் விரும்பிப் பழகியதைத்தான் வீட்டார் புகாராக்க நினைக்கிறார்கள் என்றால், அதையும் ஆலோசகரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். அப்படிப்பட்ட ஒரு வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2021-இல் ரத்து செய்தது. இத்தகைய வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம் என்று 2022 டிசம்பரில் தமிழ்நாடு காவல்துறைத் தலைவரும் சுற்றறிக்கை அனுப்பினார். ஆனால் "காதல்" என்ற பெயரில் மிரட்டலோ கட்டாயமோ இருந்திருந்தால் அது காதல் இல்லை.

வீட்டில் எப்படிச் சொல்வது? அம்மா அடிப்பாங்க.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டியதில்லை. "எனக்கு ஒன்று நடந்தது, சொல்லப் பயமாக இருக்கிறது, திட்டாமல் கேளுங்கள்" என்று தொடங்கினால் போதும். வாய் வராவிட்டால் எழுதிக் கொடுங்கள், வாட்ஸ்அப்பில் குரலாக அனுப்புங்கள். அம்மாவிடம் முடியாது என்றால் பாட்டி, பெரியம்மா, அக்கா, பள்ளியில் ஒரு டீச்சர் என்று யாராவது ஒருவர் இருப்பார்.

முதலில் சொன்னவர் நம்பவில்லை என்றால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். நம்பாதது அவரது பலவீனம், நீங்கள் சொன்னது பொய் என்பதற்கு அது சான்றாகாது. இரண்டாவது ஆளிடம் சொல்லுங்கள், மூன்றாவது ஆளிடமும். பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணிலும் சொல்லலாம்.

காவல் நிலையத்தில் என்ன நடக்கும்?

பதினெட்டுக்குக் கீழ் என்றால் நீங்கள் காவல் நிலையத்துக்குப் போகவே வேண்டியதில்லை. உங்கள் வீட்டிலோ நீங்கள் சொல்லும் இடத்திலோ வந்து வாக்குமூலம் வாங்க வேண்டும். வாங்குபவர் கூடுமானவரை சப் இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரியாக இருக்க வேண்டும், சீருடையில் வரக் கூடாது, நீங்கள் நம்பும் ஒருவர் உடன் இருக்க வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் இரவில் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள், குழந்தைகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசுக் குழுவான குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் போக வேண்டும். அந்தக் குழு உங்களுக்கென ஓர் ஆதரவு நபரை நியமிக்கலாம். மருத்துவமனை, காவல் நிலையம், நீதிமன்றம் எல்லா இடத்திலும் உங்களோடு வருவதும், என்ன நடக்கிறது என்று உங்களுக்குப் புரியும்படி சொல்வதும் அவர் வேலை. யாரும் தாமாகச் சொல்லவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்: "எங்களுக்கு ஆதரவு நபர் வேண்டும்." வழக்கு இழுத்துக்கொண்டு போகும் ஆண்டுகளில் குடும்பம் தளர்ந்துபோகாமல் இருக்க இந்த ஒருவர் செய்யும் உதவி பெரியது.

எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். "இது எங்கள் எல்லை இல்லை" என்று மறுக்க முடியாது, எஃப்.ஐ.ஆர். போட்டு உரிய நிலையத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும். நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். பதிவு செய்ய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்புங்கள். வன்புணர்வு போன்ற குற்றத்தில் எஃப்.ஐ.ஆர். போட மறுக்கும் அரசு ஊழியருக்கே தண்டனை உண்டு. பிறகு ஒருநாள் நீதித்துறை நடுவரிடம் ரகசிய வாக்குமூலம் கொடுக்க அழைப்பார்கள். அங்கே காவலர்கள் இருக்க மாட்டார்கள்.

என் பெயர் வெளியே வந்துவிடுமா?

வரக் கூடாது. பெயர், படம், பள்ளி, முகவரி, குடும்ப விவரம் எதையும் ஊடகமோ சமூக வலைதளத்தில் எழுதுபவரோ வெளியிட்டால் குற்றம். இருந்தும் தமிழ்நாட்டில் இது மீறப்பட்டிருக்கிறது, மறைப்பதற்கில்லை. பெண்களைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கி, வீடியோ எடுத்து மிரட்டியது தொடர்பான பொள்ளாச்சி வழக்கில் 2019-இல் பாதிக்கப்பட்ட பெண்ணின் அடையாளம் அதிகாரிகள் பக்கத்திலிருந்தே வெளியானது. அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரை அமர்வு உத்தரவிட்டது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி வழக்கில் எஃப்.ஐ.ஆர். இணையத்தில் கசிந்தபோதும் சென்னை உயர்நீதிமன்றம் 25 லட்சம் இடைக்கால இழப்பீடு தரச் சொன்னதோடு, பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் மூவர் கொண்ட குழுவையும் அமைத்தது. பணத்தால் அந்த அவமானத்தைத் திருப்பி எடுக்க முடியாது. ஆனால் கசியவிட்டால் நீதிமன்றம் கேள்வி கேட்கும் என்பது இப்போது எல்லா நிலையங்களுக்கும் தெரியும். உங்கள் விவரம் எங்காவது கண்ணில் பட்டால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து உடனே வழக்கறிஞரிடமோ ஆதரவு நபரிடமோ கொடுங்கள்.

ஊர்ப் பெரியவர்கள் பேசித் தீர்த்துவிடலாம் என்கிறார்கள். அவனுக்கே கட்டிக்கொடுத்துவிடலாம் என்கிறார்கள்.

கூடாது. இது இரண்டு வீட்டுக்கு நடுவே வாய்க்கால் தகராறு இல்லை. பேசித் தீர்க்கவும் பணம் கொடுத்து முடிக்கவும் எந்தப் பஞ்சாயத்துக்கும் உரிமை இல்லை. குழந்தைக்கு நடந்த குற்றத்தை மறைப்பது தனிக் குற்றம். 2015-இல் ஒரு வன்புணர்வு வழக்கைச் சமரசப் பேச்சுக்கு அனுப்பிச் சென்னை உயர்நீதிமன்றமே ஓர் உத்தரவு போட்டது. அந்த நாட்களில் மத்தியப் பிரதேச வழக்கு ஒன்றில் உச்சநீதிமன்றம் வன்புணர்வு வழக்குகளில் சமரசத்துக்கு எந்தச் சூழ்நிலையிலும் இடமில்லை என்று கடுமையாகச் சொன்னது. சென்னை உத்தரவும் திரும்பப் பெறப்பட்டது. உங்களைச் சிதைத்தவரோடு வாழ்நாள் முழுக்க வாழச் சொல்வதைக் குடும்ப மானம் என்று அழைப்பவர்கள், மானம் போக வேண்டியது யாருடையது என்பதை மாற்றிப் பேசுகிறார்கள்.

பெற்றோரையே மிரட்டுகிறார்கள் என்றால் 1098-க்கோ குழந்தைகள் நலக் குழுவுக்கோ சொல்லுங்கள். வீடு பாதுகாப்பில்லை என்றால் வேறு இடத்தில் தங்க வைக்கக் குழுவுக்கு அதிகாரம் உண்டு.

நீதிமன்றத்தில் அவனைப் பார்க்க வேண்டுமா?

வேண்டியதில்லை. திரை, ஒருவழிக் கண்ணாடி, காணொலி என்று ஏதாவது ஒரு வழியில் அவர் உங்கள் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விசாரணை மூடிய அறையில் நடக்கும். எதிர்த்தரப்பு வக்கீல் உங்களிடம் நேராகக் கேள்வி கேட்க முடியாது, அவர் கேள்வியை நீதிபதியிடம் சொல்ல, நீதிபதி உங்களிடம் கேட்பார். நடுநடுவே இடைவேளை கேட்கலாம். ஒழுக்கத்தைப் பற்றிக் கேவலமாகக் கேட்க அனுமதி இல்லை. திரும்பத் திரும்ப நீதிமன்றத்துக்கு அலைய வைக்கவும் கூடாது. இவை போக்சோ வழக்குகளுக்கான விதிகள். பதினெட்டைக் கடந்தவர்களின் வன்புணர்வு வழக்கும் மூடிய அறையில்தான் நடக்கும், முந்தைய பாலியல் வாழ்க்கையைப் பற்றிக் கேட்க முடியாது.

குழந்தையின் சாட்சியத்தை 30 நாளுக்குள் பதிவு செய்து, கூடுமானவரை ஓராண்டுக்குள் வழக்கை முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் பல வழக்குகள் நீள்கின்றன. பொள்ளாச்சி வழக்கு 2019-இல் தொடங்கி 2025 மே 13-இல்தான் முடிந்தது. கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும் வரை ஆயுள் தண்டனை விதித்தது, பாதிக்கப்பட்ட எட்டுப் பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. ஆறு ஆண்டுகளில் அந்தப் பெண்கள் எவரும் முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லிப் பிறழ்சாட்சியாக மாறவில்லை. அவர்களுக்கு அந்த உறுதியைத் தந்தவற்றில் பெயர் தெரியாமல், மூடிய அறையில் பேச முடிந்ததற்கும் பங்கு உண்டு.

பணத்துக்கு வழியில்லை.

வழக்கறிஞர் இலவசம், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், எண் 15100. போக்சோ வழக்கில் தீர்ப்பு வரும் முன்பே இடைக்கால இழப்பீடு கேட்கலாம். குற்றவாளி பிடிபடவில்லை, விடுதலையாகிவிட்டார் என்றாலும்கூட நீதிமன்றம் இழப்பீடு தர முடியும். சாப்பாடு, பயணம் போன்ற உடனடிச் செலவுக்குக் குழந்தைகள் நலக் குழு தனியே பரிந்துரைக்கலாம்.

நான் பையன். எனக்கும் இதெல்லாம் உண்டா?

உண்டு. போக்சோவில் பையன், பெண், திருநர் என்ற வேறுபாடு இல்லை. செய்தவர் பெண்ணாக இருந்தாலும் குற்றம்தான். "ஆம்பளப் பையன், உனக்கு என்ன ஆகும்" என்ற பேச்சினால் பையன்கள் சொல்வதே இல்லை. இப்படி நடந்ததால் உங்கள் ஆண்மையும் மாறாது, யாரை விரும்புகிறீர்கள் என்பதும் மாறாது.

பதினெட்டைத் தாண்டிய ஆண்களுக்குச் சட்டம் இன்று வெறுங்கையோடு நிற்கிறது. வன்புணர்வுப் பிரிவு பெண்களை மட்டுமே பாதிக்கப்பட்டவராகப் பார்க்கிறது. ஆண்கள் மீதான வன்புணர்வுக்கும் பொருந்திய பழைய 377-ஆம் பிரிவுக்கு இணையாகப் புதிய சட்டத்தில் எதுவும் இல்லை. இது பெரிய ஓட்டை, அடைக்கப்பட வேண்டியது. காயப்படுத்தியது, மிரட்டியது, அடைத்து வைத்தது என்ற பிரிவுகளில் புகார் கொடுக்கலாம். மருத்துவமும் ஆலோசனையும் யாருக்கும் மறுக்கப்படக் கூடாதவை.

சின்ன வயதில் நடந்தது. இப்போது எனக்கு 22. இனி என்ன செய்ய முடியும்?

வன்புணர்வு போன்ற பெரிய குற்றங்களுக்குப் புகார் கொடுக்கக் காலக்கெடு இல்லை. மூன்றாண்டு வரை மட்டுமே தண்டனையுள்ள சிறிய குற்றங்களில் தாமதம் சிக்கலாகலாம், வழக்கறிஞரிடம் கேளுங்கள். புகார் வேண்டாம், மனதில் இருப்பதை இறக்கி வைக்க வேண்டும் என்றாலும் அது போதுமான காரணமே. ஒன்றை மட்டும் யோசியுங்கள்: அந்த ஆள் இப்போதும் வேறு குழந்தைகள் உள்ள வீட்டில் இருக்கிறாரா? இருந்தால் அந்தக் குழந்தைகளுக்காக 1098-க்குத் தகவல் தரலாம்.

போட்டோவை வெளியே விடுவேன் என்று மிரட்டுகிறான்.

பணம் கொடுக்காதீர்கள், இன்னொரு படமும் அனுப்பாதீர்கள். கொடுத்தால் மிரட்டல் நிற்காது, தொகைதான் ஏறும். உரையாடலையும் அவன் கணக்கின் முகவரியையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகு பிளாக் செய்யுங்கள், கணக்கை அழித்துவிடாதீர்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கான பகுதியில் பெயர் சொல்லாமலும் புகார் தரலாம். பதினெட்டுக்குக் கீழ் எடுத்த படம் என்றால் "டேக் இட் டவுன்", மேல் என்றால் "ஸ்டாப் என்சிஐஐ" என்ற இலவசச் சேவைகள் உண்டு. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது, அதன் கைரேகை போன்ற ஒரு குறியீடு மட்டும் போய், சேர்ந்திருக்கும் சமூக வலைதளங்களில் அது பரவாமல் தடுக்கும்.

குழந்தையின் அப்படிப்பட்ட படத்தை வைத்திருப்பதும் குற்றமாகும் என்று 2024 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் சொன்னது. அதனால் "ஆதாரம்" என்று தோழர்கள் யாரும் படத்தை ஒருவருக்கொருவர் அனுப்பக் கூடாது.

கல்லூரியில் பேராசிரியர் தொல்லை கொடுக்கிறார்.

கல்லூரியில் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள் புகார்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுங்கள். காவல்துறையில் புகார் தர அந்தக் குழுவின் அனுமதி தேவையில்லை, இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யலாம். இன்டர்னல் மதிப்பெண்ணை வைத்து மிரட்டினால் அதையும் புகாரில் எழுதுங்கள்.

தூக்கம் வரவில்லை. படிக்க முடியவில்லை. சில நேரம் செத்துவிடலாம் போல இருக்கிறது.

சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் இப்போதே 14416-ஐ அழையுங்கள், டெலி மானஸ், தமிழில் பேசுவார்கள், 24 மணி நேரமும். 104-இலும் பேசலாம். அன்றிரவு தனியாக இருக்காதீர்கள், யாரையாவது உடன் படுக்கச் சொல்லுங்கள்.

மற்றபடி நீங்கள் சொல்வது எல்லாமே பலருக்கு வருவது. கெட்ட கனவு, திடீரென்று அந்த வாசனையோ குரலோ நினைவுக்கு வந்து நடுங்குவது, யாரும் தொட்டால் விலகுவது, காரணமில்லாமல் கோபம், ஒன்றுமே உணராமல் மரத்துப்போவது, படித்தது மண்டையில் ஏறாதது. பைத்தியம் பிடித்துவிட்டது என்று பொருள் இல்லை. ஆபத்து முடிந்துவிட்டது என்று உடல் இன்னும் நம்பவில்லை. நினைவு வந்து தாக்கும்போது இரண்டு பாதத்தையும் தரையில் ஊன்றி, கண்ணில் படும் ஐந்து பொருளின் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், குளிர்ந்த நீரில் கையை வையுங்கள். அந்த நிமிடத்தைத் தாண்ட உதவும்.

சில வாரமாகியும் குறையவில்லை என்றால் அதிர்ச்சியிலிருந்து மீளப் பயிற்சி தரும் மனநல ஆலோசகரைப் பாருங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் அரசு மருத்துவமனையில் இருக்கிறார்கள். நடந்ததை முதல் நாளே விவரமாகச் சொல்லச் சொல்லி நல்ல ஆலோசகர் வற்புறுத்த மாட்டார். ஒருவரோடு ஒத்துவரவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம்.

நாங்கள் பெற்றோர். பிள்ளை இப்போதுதான் சொன்னாள். என்ன பேசுவது?

"நான் நம்புகிறேன். உன் மேல் தப்பில்லை. சொன்னது நல்லதாகப் போச்சு." இந்த மூன்றும் முதலில். "ஏன் அப்பவே சொல்லலை?", "நீ எதுக்கு அங்கே போனே?" இந்த இரண்டும் எப்போதும் வேண்டாம். அவனை வெட்டுவேன் குத்துவேன் என்று அப்பா கத்தினால், தன்னால் அப்பா ஜெயிலுக்குப் போவார் என்று பயந்து பிள்ளை சொன்னதையே மாற்றிச் சொல்லக்கூடும். அவளைத் திரும்பத் திரும்ப விசாரிக்காதீர்கள், அது விசாரணை அதிகாரியின் வேலை. பள்ளியை நிறுத்தாதீர்கள், போனைப் பிடுங்காதீர்கள். அவள் கையிலிருந்து ஏற்கெனவே ஒருவர் முடிவெடுக்கும் உரிமையைப் பிடுங்கியிருக்கிறார். என்ன சாப்பிடுவது என்பதிலிருந்து யாருக்குத் தெரியலாம் என்பது வரை அவளைக் கேட்டுச் செய்யுங்கள். உங்களுக்கும் தூக்கம் போகும், ஆலோசகரிடம் உங்களுக்கும் நேரம் கேளுங்கள்.

என் தோழி என்னிடம் மட்டும் சொன்னாள். யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கினாள்.

நீங்களும் பதினெட்டுக்குக் கீழ் என்றால் சட்டப்படி உங்கள் மேல் பொறுப்பு இல்லை. ஆனாலும் இந்தப் பாரத்தை ஒரு பிள்ளை தனியாகச் சுமக்கக் கூடாது. அவளிடமே சொல்லுங்கள்: "நான் கிளாஸில் யாரிடமும் சொல்ல மாட்டேன். ஆனால் இதை நம்மால் தனியாகச் சமாளிக்க முடியாது. யாரிடம் சொல்லலாம் என்று நீ சொல்லு, நானும் கூட வரேன்." அவள் தேர்ந்தெடுக்கும் டீச்சரிடம் சேர்ந்து போங்கள், அல்லது சேர்ந்து உட்கார்ந்து 1098-க்கு அழையுங்கள். அந்த ஆள் இன்னும் அவளை நெருங்க முடிகிற இடத்தில் இருந்தாலோ, அவள் உயிரைப் பற்றிப் பேசினாலோ, அவள் சம்மதத்துக்காகக் காத்திருக்க வேண்டாம், அன்றே ஒரு பெரியவரிடம் சொல்லிவிடுங்கள். அவள் கோபப்படலாம். அதற்குப் பிறகும் மதியச் சாப்பாட்டுக்கு அவள் பக்கத்தில் போய் உட்காருங்கள், அவள் பேசாவிட்டாலும்.